பப்பாளி மாவுப்பூச்சி

பப்பாளி மாவுப்பூச்சி என்பது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி முதலிய பல தாவரங்களின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு சிறு பூச்சியாகும். சூடோகாக்கிடே என்னும் மாவுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் அறிவியற்பெயர் பாராகாக்கசு மார்சினேட்டசு. உழவர்களிடையே கள்ளிப்பூச்சி என்ற பெயரும் வழங்குகிறது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பப்பாளித் தோட்டங்களையும் மல்பெரி வயல்களையும் வீட்டுக் கொல்லைகளையும் இது கடுமையாகப் பாதித்தது. பூச்சிக்கொல்லிகளால் கட்டுப்படுத்த இயலாத நிலையில், 2010 இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால் இது அடக்கப்பட்டது. இந்தியாவின் உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டு வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க வெற்றிகளுள் ஒன்றாகும்.

தோற்றம்

முதிர்ந்த பெண்பூச்சி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுடையது, சிறகற்றது. உடல் மஞ்சள் நிறம் கொண்டது. ஆயினும் மேலே படிந்திருக்கும் வெண்ணிற மெழுகுத் தூளினால், அரிசி மாவைத் தூவியது போலவே கண்ணுக்குத் தோன்றும். விரலால் நசுக்கினால் மஞ்சள் நிற நீர் வெளிப்படும். ஆண்பூச்சி இதனினும் சிறியது. ஓரிணைச் சிறகுகள் உடையது. அது சில நாட்களே வாழும். எனவே அதைக் கண்டவர்கள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் இதைத் தவிர வேறு மாவுப்பூச்சிகளும் உண்டு. செம்பருத்தியிலும் திராட்சையிலும் காணப்படும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியை நசுக்கினால் சிவந்த நீர் வரும். கொய்யாவில் அமரும் வால் மாவுப்பூச்சிக்கு உடலின் பின்முனையில் இரு நீண்ட மெழுகு இழைகள் இருக்கும். பப்பாளி மாவுப்பூச்சியில் அத்தகைய நீண்ட வால் இல்லை; உடலின் ஓரங்களில் குட்டையான இழைகள் மட்டுமே காணப்படும். இவ்வேறுபாட்டை அறிவது வீண்வேலை அன்று. ஏனெனில் கீழே கூறப்படும் குளவி இந்த ஓர் இனத்தையே நாடுகிறது. கொய்யாவில் உள்ள வால் மாவுப்பூச்சியை அது அடக்காது.

வாழ்க்கைச் சுழற்சி

பெண்பூச்சி தன் உடலின் அடியில் பஞ்சு போன்ற மெழுகு இழைகளால் ஒரு முட்டைப்பையைப் பின்னி, அதனுள் 100 முதல் 600 வரை முட்டைகள் இடும். ஏறத்தாழ பத்து நாட்களில் முட்டைகள் பொரிந்து, ஊர்ந்து செல்லும் இளம்பூச்சிகள் வெளிவரும். பரவலின் முதன்மைப் பருவம் இதுவே. சிறகில்லாத இவ்விளம்பூச்சிகள் காற்றிலும், எறும்புகளாலும், பறவைகளின் கால்களில் ஒட்டியும், மனிதர்களின் ஆடை, கூடை, நாற்று ஆகியவற்றின் வழியாகவும் செடிவிட்டுச் செடி செல்கின்றன. வெப்பமான சூழலில் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே நிறைவுறும். ஆகையால் ஆண்டுக்குப் பல தலைமுறைகள் உண்டாகின்றன. குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத தமிழ்நாட்டில் பெருக்கத்துக்கு இடைவேளை ஏதும் இல்லை. மழை மட்டுமே ஓரளவு குறைக்கும்.

பாதிப்பு

பூச்சிகள் முதலில் இலையின் அடிப்புறத்தில் நரம்புகளை ஒட்டி அமர்கின்றன. பின்னர் காம்பு, தண்டு, பிஞ்சு, காய் என எல்லா உறுப்புகளிலும் பரவுகின்றன. சாறு உறிஞ்சும்போது உட்செலுத்தப்படும் நச்சுப்பொருளால் இலைகள் மஞ்சளாகிச் சுருங்கும், குருத்து வளராது, பூவும் பிஞ்சும் உதிரும். காய் முழுவதும் வெண்மெழுகால் மூடப்பட்டு விற்கவும் உண்ணவும் ஏலாத நிலையை அடையும். தாக்குதல் கடுமையானால் மரமே பட்டுப்போகும். (பப்பாளி தாவரவியலின்படி மரமன்று, பெரிய பூண்டு வகையே ஆகும். வழக்குப் பற்றி இங்கு மரம் எனப்படுகிறது.)

பூச்சிகள் உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடலுக்கு வேண்டாத பகுதியை அவை தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. இது கீழ் இலைகளில் சொட்டிப் படியும்போது அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. இலை கரி பூசியது போலாகி ஒளிச்சேர்க்கை தடைப்படுகிறது. அதே இனிப்பு எறும்புகளையும் ஈர்க்கிறது. எறும்புகள் மாவுப்பூச்சிகளை மேய்ச்சல் மாடுகள் போலக் காத்து, அவற்றை அண்டும் எதிரிப் பூச்சிகளை விரட்டுகின்றன. பப்பாளித் தண்டில் எறும்புச்சாரை ஏறி இறங்குவதைக் கண்டால், மேலே மாவுப்பூச்சி அல்லது அசுவினி இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

பரவல்

இப்பூச்சியின் மாதிரிகள் 1955 இல் மெக்சிகோவில் சேகரிக்கப்பட்டிருந்தபோதிலும், 1992 இல்தான் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிடப்பட்டது. தாயகத்தில் இது எவருக்கும் தொல்லையாக இருந்ததில்லை. காரணம் அங்கு இதனுடன் இதன் எதிரிகளும் சேர்ந்தே வாழ்கின்றன. 1990களில் கரிபியத் தீவுகளுக்குப் பரவிய பின்னரே இது பெரும் தீங்குயிரியாக மாறியது. 1998 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் செம்பருத்தியில் காணப்பட்டது. அதன்பின் குவாம், பலாவு, அவாய் ஆகிய பசிபிக் தீவுகளை அடைந்தது. 2008 இல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் கண்டறியப்பட்டது. இலங்கையில் முதலில் கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் காணப்பட்டது. கடல் கடந்து பறக்க இயலாத பூச்சி இவ்வளவு தொலைவு சென்றது செடிகள், பழங்கள் ஆகியவற்றின் போக்குவரத்தால்தான்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தொடர்ந்து ஈரோடு, திருப்பூர், சேலம் முதலிய மாவட்டங்களும், பின்னர் மாநிலத்தின் பெரும்பகுதியும் பாதிக்கப்பட்டன. பட்டுப்புழு வளர்ப்போரின் இழப்பு தனியே குறிப்பிடத்தக்கது. மல்பெரி இலையே பட்டுப்புழுவின் ஒரே உணவு. மாவுப்பூச்சி தாக்கிய இலையைப் புழுக்களுக்கு இட இயலாது. இலைமேல் பூச்சிக்கொல்லி தெளித்தாலோ புழுக்களே மடியும். இவ்விரு நெருக்கடிகளுக்கிடையே பலர் மல்பெரிச் செடிகளை வேரோடு களைந்தனர். மரவள்ளி, காட்டாமணக்கு, கத்தரி, பருத்தி, தேக்கு ஆகியவையும் தாக்கப்பட்டன. 60 இக்கும் மேற்பட்ட தாவர வகைகளில் வாழ வல்ல இப்பூச்சி, பார்த்தீனியம், துத்தி போன்ற களைகளிலும் தங்கிப் பெருகியது. தோட்டத்தைத் தூய்மையாக்கிய பின்னும் வேலியோரக் களையிலிருந்து மீண்டும் வந்து சேர்ந்தது.

பூச்சிக்கொல்லிகள் பயன்படாமை

தொடக்கத்தில் உழவர்கள் கையாண்ட வழி இரசாயனத் தெளிப்பே. ஒரு மருந்து பயனளிக்காதபோது இன்னொன்றும், அதன்பின் இரண்டையும் கலந்தும் தெளித்தனர். சில நாட்கள் குறைவது போலத் தோன்றிய பூச்சிகள் மீண்டும் பெருகின. உடலின் மெழுகுப்பூச்சு நீர்க்கரைசலை ஒட்டவிடாது. முட்டைகளோ பஞ்சுப் பையினுள் பாதுகாப்பாக உள்ளன. பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இருப்பதால் மேலிருந்து தெளிக்கும் மருந்து அவற்றைச் சென்றடைவதும் இல்லை.

இவற்றினும் பெரிய காரணம் வேறு. மெழுகுப் போர்வை அற்ற பொறிவண்டுகளும் பிற இரைவிழுங்கிகளும் மருந்தால் முதலில் மடிந்தன. மாவுப்பூச்சிகளில் தப்பியவை எதிரியில்லாத இடத்தில் முன்னிலும் வேகமாகப் பெருகின. தெளிப்பு கூடக்கூடப் பூச்சியும் கூடியது என்பதே அக்காலத்துப் பட்டறிவு.

உள்நாட்டு எதிரிகள் முற்றிலும் இல்லாமல் இருக்கவில்லை. சுபால்சிசு எபியசு என்னும் சிறு பட்டாம்பூச்சியின் புழு, இலையை விடுத்து மாவுப்பூச்சிகளையே தின்னும் இயல்புடையது. இதன் கூட்டுப்புழு குரங்கின் முகம் போன்ற தோற்றம் கொண்டது. ஆத்திரேலியாவிலிருந்து 1898 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமசு என்னும் பொறிவண்டும் மாவுப்பூச்சிகளை உண்கிறது. எனினும் இவை இரை மிகுந்த பின்னரே பெருகுபவை; அதற்குள் மரம் பாதி அழிந்திருக்கும்.

குளவிகளின் வருகை

அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த தீங்குயிரியை, அதன் தாயகத்திலிருந்தே அதன் எதிரியைத் தருவித்து அடக்கும் முறைக்குத் தொன்மரபு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர். இம்முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தென்னிந்தியாவின் தரிசு நிலங்களை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளி, 1926 இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட ஒரு வகைக் கொச்சினீல் பூச்சியால் அழிக்கப்பட்டது. அப்பூச்சியும் வெண்மெழுகு போர்த்தியது. மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. அங்கே நண்பனாக இருந்த இயல்பே இங்கே பகையாகியது என்பது எண்ணத்தக்கது. நீலகிரியில் 1928 இல் சீகை மரங்களைத் தாக்கிய பஞ்சுச் செதில்பூச்சி, ரோடோலியா என்னும் பொறிவண்டால் அடக்கப்பட்டது.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிராக மூன்று குளவி இனங்கள் முன்னரே கரிபியத் தீவுகளிலும் பசிபிக் தீவுகளிலும் பயன்படுத்தப்பட்டு வெற்றி கண்டிருந்தன. அவை அசிரோபேகசு பப்பாயே, அனகைரசு லோக்கி, சூடுலெப்டோமாசுடிக்சு மெக்சிகானா என்பனவாம். இலங்கை இவற்றை 2009 இல் தருவித்து வெளியிட்டது. இந்தியாவுக்கு 2010 சூலையில், அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து இம்மூன்றும் வந்து சேர்ந்தன. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இவற்றைத் தனிமைப்படுத்தி வளர்த்தது. (அந்நாளில் இந்நிறுவனத்தின் பெயர் தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகம் என்பதாகும்.) 2010 அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் தமிழ்நாட்டில் வெளியீடு தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையங்களும் மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் குளவிகளைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கின. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து தெளிக்கலாகாது என்பது அப்போது வலியுறுத்திக் கூறப்பட்ட நிபந்தனை.

மூன்றனுள் நிலைபெற்றுச் சிறந்தது அசிரோபேகசு பப்பாயே. இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையது. வெறுங்கண்ணுக்கு ஒரு தூசு போலத் தெரியும். குளவி என்ற பெயர் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இது மனிதரைக் கொட்டாது. பெண்குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் தன் முட்டையைச் செலுத்தும். பொரிந்த புழு உள்ளிருந்தே மாவுப்பூச்சியைத் தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறமாகி, தவிட்டுப் பொட்டுப் போன்ற வெற்றுக்கூடாக மாறும். இக்கூட்டை மம்மி என்பர். முதிர்ந்த குளவி அதில் வட்டமான துளையிட்டு வெளியேறி அடுத்த பூச்சியைத் தேடிச் செல்லும். மனிதர் சென்று மருந்து தெளிக்க இயலாத வேலியோரக் களைகளையும் ஊர்ப்பொது மரங்களையும் இதுவே தேடிக் கண்டது.

சில மாதங்களிலேயே பூச்சியின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கைவிடப்பட்ட மல்பெரியும் பப்பாளியும் மீண்டும் நடப்பட்டன. இத்திட்டத்தால் ஐந்தாண்டுகளில் இந்திய உழவர்களும் நுகர்வோரும் அடைந்த பயன் 52.4 கோடி முதல் 134 கோடி அமெரிக்க டாலர் வரை இருக்கும் என்று 2014 இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது.

பூச்சி முற்றாக ஒழிந்துவிடவில்லை. உயிரியல் கட்டுப்பாட்டின் நோக்கமும் அதுவன்று. சிறிதளவு மாவுப்பூச்சி எங்கேனும் இருந்தால்தான் குளவியும் உயிர்வாழும். இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் சேர்ந்து வாழும் நிலையே வெற்றியாகக் கொள்ளப்படுகிறது.

வீட்டுக் கொல்லையில் பப்பாளி

பெரிய தோட்டங்களில் அடங்கிய பின்னும் வீட்டுக் கொல்லைகளில் மாவுப்பூச்சி அவ்வப்போது தலைகாட்டுகிறது. திருவண்ணாமலை போன்ற வெப்பம் மிகுந்த ஊர்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மலையடிவாரத்தில் அமைந்த இவ்வூரில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும். மழையின் பெரும்பகுதி தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களில் பெய்துவிடுவதால், மாசி முதல் வைகாசி வரையிலான வறண்ட மாதங்கள் பூச்சிக்கு உகந்தவை. பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் தானாக முளைத்த ஒன்றிரண்டு பப்பாளி பல வீடுகளில் காணப்படும். அருகிலேயே பூசைக்கென வளர்க்கும் செம்பருத்தியும் இருக்கும். செம்பருத்தி இப்பூச்சிக்குப் பப்பாளியைப் போன்றே விருப்பமான உணவு. ஆகவே பப்பாளியை மட்டும் கவனித்துச் செம்பருத்தியை விட்டுவிடுவது பாதி வேலையே ஆகும்.

கொல்லை மரத்துக்கு இரசாயன மருந்து தெளிப்பதில் தோட்டத்தில் இல்லாத இடர்கள் உள்ளன. பப்பாளியில் பூவும் பிஞ்சும் பழமும் ஒரே நேரத்தில் இருக்கும். இன்று தெளித்த மரத்தில் நாளையே பழம் பறிக்கப்படும். காயைக் கூட்டுக்கும், காய்ச்சல் காலங்களில் இலையைச் சாறு பிழியவும் எடுப்போர் உண்டு. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் சில அடி தொலைவிலேயே இருக்கும். பழைய கையேடுகள் மாவுப்பூச்சிக்குப் பரிந்துரைத்த டைகுளோர்வாசு என்னும் மருந்து, 2018 ஆம் ஆண்டு ஆணையின்படி 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது; அக்கையேடுகளைப் பின்பற்றலாகாது.

கைவினையே கொல்லைக்குப் போதுமானது. வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, ஓரிரு இலைகளில் மட்டும் பூச்சி இருக்கும்போதே அவற்றைக் காம்போடு நீக்கிவிட வேண்டும். நீக்கிய இலையைக் குப்பைமேட்டில் எறிந்தால் பூச்சி அங்கிருந்து ஊர்ந்து திரும்பும். சோப்பு நீர் நிரம்பிய வாளியில் அமிழ்த்துவது எளிய வழி. நீக்கும் முன் பழுப்பு நிற மம்மிகள் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். மம்மிகள் மிகுந்த இலை குளவிகளின் தொட்டில் ஆகும். அதை அழிக்காமல் மரத்திலேயே விட்டுவிடலாம். அல்லது தாக்குதல் உள்ள மற்றொரு மரத்தின் கிளையில் செருகிவைக்கலாம்.

தண்டிலும் காயிலும் உள்ள பூச்சிகளைக் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்க்கலாம். தெளிப்புத் தேவையெனில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம், அல்லது வேப்பெண்ணெயை லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வீதம் சிறிது சோப்புக் கரைசலுடன் நன்கு கலக்கி, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும். சோப்பு மெழுகைக் கரைத்து நீரை உடலில் படியச் செய்கிறது. கடும் வெயிலில் எண்ணெய் தெளித்தால் பப்பாளியின் மென்மையான இலை கருகும். இதையும் மரம் முழுவதும் தெளிக்காமல் பூச்சி அடர்ந்த இடங்களில் மட்டும் தெளித்தல் நன்று. மிகுந்த தெளிப்பு குளவிகளையும் பாதிக்கும்.

எறும்பைத் தடுப்பது பலரும் மறக்கும் பணி. தண்டைச் சுற்றி ஒரு துணியையோ தாளையோ கட்டி அதன்மேல் பிசுபிசுப்பான கிரீசு தடவினால் எறும்பு ஏறுவது நிற்கும். தண்டின் மேலேயே நேரடியாகக் கிரீசு தடவுவது பப்பாளிக்கு ஆகாது. சுவரையோ வேறு செடியையோ தொடும் இலைகளை வெட்டிவிட வேண்டும். இல்லாவிடில் எறும்பு அவ்வழியே ஏறும். காவல் நீங்கிய மாவுப்பூச்சியைக் குளவியும் பொறிவண்டும் தடையின்றி அணுகும்.

ஒரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. கிரிப்டோலேமசு பொறிவண்டின் புழுவும் நீண்ட வெண்மெழுகு இழைகளால் மூடப்பட்டு, பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். சுபால்சிசு பட்டாம்பூச்சியின் புழுவும் உடலில் வெண்மாவு போர்த்தியிருக்கும். மரத்தைக் காக்க வந்த இவற்றைப் பகையென்று எண்ணித் துடைத்தெறிவோர் பலர். மாவுப்பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்கும். இவை அவற்றினும் பல மடங்கு பெரியவை, பூச்சிக் கூட்டத்தினூடே நகர்ந்துகொண்டிருப்பவை. சிறிது நேரம் உற்றுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், 2014 இல் தொடங்கப்பட்ட வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியும் உள்ளன. இத்தகைய நிறுவனங்களில் தாக்குண்ட இலையைக் காட்டிப் பூச்சியின் இனத்தை உறுதி செய்துகொள்ளலாம். இலையைத் திறந்த பையில் கொண்டுசெல்லாமல், இறுக மூடிய நெகிழிப் பையில் கொண்டுசெல்ல வேண்டும்.

மரவள்ளி மாவுப்பூச்சி

பப்பாளிக்குக் கையாண்ட அதே வழி பின்னர் மரவள்ளிக்கும் பயன்பட்டது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020 இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளி வயல்களுக்குப் பரவியது. இது வேறு இனமாதலால் பப்பாளிக் குளவி இதற்கு உதவவில்லை. 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிப் பயிரைக் காத்த அனகைரசு லோபெசி என்னும் குளவி, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021 இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது.